பாட்டு திரும்பும் இடத்தில் என்ன சத்தம் வைப்பது?

திருவிழாப் பாட்டு, கல்யாண வாழ்த்து, கட்சிப் பாட்டு, மீனவர் பாட்டு என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீடுகளிலேயே நடக்கும் சின்ன ஸ்டுடியோக்களில் இருந்து வரும் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கேளுங்கள். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் நேரம் வந்ததும் ‘ஷ்ஷ்ஷ்…’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும், மேலே மேலே ஏறும், ‘டும்’ என்று விழும். மண்டபத்தில் செய்த பாட்டிலும் அதே, தொண்டியில் செய்ததிலும் அதே, கீழக்கரையில் செய்ததிலும் அதே. ஒரே பேக்கில் (தயாராகக் கிடைக்கும் சத்தங்களின் தொகுப்பு) இருந்து எடுத்த ஒரே ஃபைல். வரி வேறு, மெட்டு வேறு, பாடுகிறவர் வேறு. திரும்பும் இடம் மட்டும் ஒன்று.

அந்தச் சத்தத்தைக் குறை சொல்லவில்லை. ஆட்டப் பாடல்களுக்காக, பெரிய பெரிய ஸ்பீக்கர்களுக்காகச் செய்தது அது. அங்கே அருமையாக வேலை செய்யும். ஆனால் உச்சிப்புளியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து தேவிபட்டினத்துப் பாடகருக்கும் தங்கச்சிமடத்துச் சர்ச் பாடகர் குழுவுக்கும் மிக்ஸிங் செய்கிற எனக்கு, அந்த ஒரே ஃபைல் எல்லார் பாட்டிலும் வந்து உட்காருவதில் மனசு ஒப்பவில்லை. திரும்பும் இடத்துச் சத்தம் அந்தப் பாட்டுக்குள் இருந்தே வர வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாட்டு பிறந்த ஊரில் இருந்தாவது வர வேண்டும். பேக்கை அதற்குப் பிறகு திறந்தால் போதும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் கேட்பதும் இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘ஷ்ஷ்ஷ்’ என்று ஏறும் அந்தச் சத்தத்துக்கு ரைசர் என்று பெயர். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். வெண் இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணும் சம பலத்தில் இருக்கும். அதன் மேல் ஒரு ஃபில்டரைப் போட்டு, மேல் அதிர்வெண்களை முதலில் மூடிவைத்து, போகப் போகத் திறந்தால் சத்தம் மங்கலில் இருந்து பளிச்சென்று மாறும். காற்றில் தூரம் போகும் சத்தத்தில் முதலில் கரைவது மேல் அதிர்வெண்தான். அதனால் மங்கலாகக் கேட்டால் தூரம், பளிச்சென்று கேட்டால் பக்கம் என்று காது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. தனுஷ்கோடியில் மணல்மேட்டுக்குப் பின்னால் நின்று கேளுங்கள், அலை ‘தொம், தொம்’ என்று மட்டும் கேட்கும். மேட்டைத் தாண்டி இறங்கினால் அதே அலையின் ‘சர்ர்ர்’ சேர்ந்து கேட்கும். ஃபில்டர் செய்வதும் இதையேதான். ‘ஏதோ வருகிறது’ என்று காதுக்குச் சொல்கிறது.

சொன்ன பிறகு ஏதாவது வந்தாக வேண்டும். பெரும்பாலான பாட்டு சறுக்குவது இங்கேதான். ரைசர் எட்டு பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) ஏறுகிறது, வந்து சேரும் பல்லவியில் பழைய கீபோர்டு, பழைய தபலா, பழைய அளவுச் சத்தம். எனவே ஒரு ரைசரைத் தொடும் முன்பு நான் பார்ப்பது, அடுத்த பகுதியில் உண்மையில் என்ன மாறுகிறது என்பதை. கோரஸ் சேருகிறதா? தாளம் இரட்டிக்கிறதா? சுருதி மாறுகிறதா? ஒன்றும் மாறவில்லை, வரி மட்டும்தான் வேறு என்றால் அங்கே எந்தச் சத்தமும் தேவையில்லை. மாறுவது கோரஸ் மட்டும் என்றால், அதற்கு முந்தைய கடைசி அடியில் பேஸையும் (அடியோசை) கிக்கையும் (பெரிய டிரம்மின் அடி) எடுத்துவிட்டால் போதும். அந்த ஓர் அடி வெறுமைக்குப் பிறகு பத்துப் பேர் குரல் வந்து விழும்போது எந்த இம்பாக்டும் (திருப்பத்தில் ‘டும்’ என்று விழும் சத்தம்) தராத பலம் கிடைக்கும். சேர்ப்பதற்கு முன் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

நம் ஊர்க் காதுக்குத் திரும்பும் இடத்தைக் காட்டும் வழிகள் ஏற்கெனவே நிறையப் பழக்கம். தவிலில் தீர்மானம் வைக்கிறார்கள். ஒரே சொல்கட்டு மூன்று முறை வந்து, மூன்றாவது முறை முடிந்ததும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், போய் விழுகிறது. இசை படிக்காதவர்கூட இரண்டாவது முறையிலேயே ‘இன்னொரு தடவை வரும், அப்புறம் மாறும்’ என்று தலையசைக்கத் தயாராகிவிடுவார். ரைசர் செய்யும் வேலையை இது தாளத்தாலேயே செய்துவிடுகிறது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்டிருப்பீர்கள். ஏற்றம் எதுவும் இல்லை, முன்னறிவிப்பு இல்லை, கை காட்டியதும் தவிலும் நாகஸ்வரமும் ஒரே மூச்சில் பாய்கின்றன. பந்தியில் இருப்பவர்கூட நிமிர்ந்து பார்க்கிறார். முளைப்பாரி ஊர்வலத்தில் குலவை கிளம்புகிறது. ஒரு பெண் தொடங்கி நான்கு பேர் சேர்ந்து, பிறகு தெருவே சேர்ந்து சத்தம் தடிக்கிறது. இதைவிட நல்ல ரைசரை நான் எந்த பேக்கிலும் கேட்டதில்லை. அம்மன் பாட்டு ஒன்றில் இரண்டாம் சரணத்துக்கு முன் நான்கைந்து அக்காமாரை அறையில் நிறுத்திக் குலவை பதிவு செய்தோம். எல்லாரையும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை, ஒருவர் பின் ஒருவராகச் சேரச் சொன்னோம். ஃபில்டரும் வேண்டியிருக்கவில்லை, ஆட்டோமேஷனும் (சத்த அளவைக் கணினியே ஏற்றி இறக்குவது) வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஊர்ச் சத்தத்துக்கு அர்த்தமும் கூடவே வரும். ஒருமுறை கல்யாண வாழ்த்துப் பாட்டு ஒன்று என்னிடம் மிக்ஸிங்குக்கு வந்தது. இசையமைத்த தம்பி பல்லவிக்கு முன்னால் சங்கொலி வைத்திருந்தார். ஒலியாகப் பார்த்தால் அழகான தேர்வு. நீண்டு, கனமாக, கீழிருந்து எழுந்து நின்றது. கேட்க வந்திருந்த மணப்பெண்ணுடைய அத்தையின் முகம் சுண்டிப்போனது.

“ஏப்பா, நல்ல காரியத்துக்குப் போட்ட பாட்டுல சங்க ஊதி வச்சிருக்கீக?”

“கோயில்லயும் ஊதுறாங்கல்ல அத்த?”

“கோயில்ல ஊதுனா சாமிக்கு. தெருவுல ஊதுனா எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்? எடுத்துரு சாமி.”

எடுத்துவிட்டோம். அவர் சொன்னது சரி. சங்கும் சேகண்டியும் தெருவில் கேட்டால் இங்கே யாரும் வாழ்த்து என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒலிக் களஞ்சியத்தில் அந்த ஃபைலுக்கு ‘சங்கு, நீளமானது’ என்று மட்டும்தான் பெயர் இருக்கும். எந்த வீட்டில் எதற்கு ஊதுவார்கள் என்பதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதைத் தெரிந்து வைத்திருப்பது நம் பொறுப்பு. கீழக்கரையில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்த குடும்பங்கள் இருக்கிற கடற்கரை இது. அந்த ஒலியை இங்கே அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து நடை. பேக்குகளில் வரும் ஸ்னேர் ரோல்களும் (டிரம்மில் விடாமல் அடிக்கும் உருட்டல்) அடி உள்ள ரைசர்களும் பெரும்பாலும் நான்கின் மடங்கில் வெட்டப்பட்டவை. நம் நாட்டுப்புற மெட்டுகளில் நிறைய திஸ்ர நடையில் ஓடுபவை. மூன்று மூன்றாக நடக்கும் பாட்டின் மேல் நான்கு நான்காக அடிக்கும் ரோலைப் போட்டால் பாடகர் தடுமாறுகிறார் போலக் கேட்கும். தவறு அவர் மேல் இருக்காது. வெறும் இரைச்சல் ரைசர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, அதற்கு நீளம் மட்டும்தான் கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு பார் 2 விநாடி, எட்டு பார் 16 விநாடி. பாட்டு 96 வேகம் என்றால் ஒரு பார் 2.5 விநாடி, நான்கு பார் 10 விநாடி. ஆறு-எட்டுத் தாளத்தில், பாருக்கு இரண்டு அடியாக, நிமிடத்துக்கு 100 அடி விழும் பாட்டில் ஒரு பார் 1.2 விநாடிதான், எட்டு பார் ஓடினாலும் 9.6 விநாடி. கணக்கைப் போட்டுவிட்டு அந்த நீளத்துக்குச் சத்தம் தேடுங்கள். கிடைத்ததை இழுத்து நீட்டாதீர்கள். இரைச்சலை நீட்டினால் தண்ணீருக்குள் தகரம் உரசுவது போல ஒரு கரகரப்பு வந்துவிடும்.

இப்போது அலைக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

ராமேஸ்வரம் தீவில் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். சோழகக் காற்று (தெற்கிலிருந்து அடிப்பது) பிடித்த மாதங்களில் தெற்கே அலை உடைந்து உடைந்து விழும். வடக்கே அதே நாளில் தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். வாடை பிடித்த கார்த்திகை, மார்கழியில் வடக்கும் சீறும். இரண்டு கடலும் இரண்டு விதமான ஒலி தருகின்றன. தெற்கத்தி அலை முழுமையான ஒரு திருப்பச் சத்தம். எழும்போது பெரிதாகச் சத்தம் இல்லை, உடையும்போது ‘தொம்’, பிறகு நான்கைந்து விநாடிக்கு நுரை மணலில் ஊறி இறங்கும் ‘ஸ்ஸ்ஸ்’. முன்பகுதி இம்பாக்ட், பின்பகுதி டவுன்லிஃப்டர் (ரைசருக்கு நேர்மாறாக, அடங்கி இறங்கும் சத்தம்), இரண்டையும் கடலே ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆரவாரமான பல்லவி முடிந்து அமைதியான சரணத்துக்கு இறங்கும் இடத்தில் அப்படியே வைக்கலாம்.

அதைத் தலைகீழாகத் திருப்பினால் ரைசர். நுரையின் சீறல் மெல்லத் தொடங்கி, தடித்து, ‘தொம்’மில் போய் நிற்கும். ஆனால் திருப்பிய ஃபைலின் கடைசி நுனியைப் பல்லவியின் முதல் அடியில் ஒட்டினால் போதாது. அலை உடைவதற்கு முன் இருந்த மெல்லிய முணுமுணுப்பு இப்போது உச்சத்துக்குப் பின்னால் வாலாக இருக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி உச்சம் எங்கே என்று பார்த்து, அந்த உச்சம் முதல் அடியில் விழும்படி நகர்த்தி, வாலை வெட்ட வேண்டும். ரிவர்ஸ் சிம்பலுக்கும் (தலைகீழாகத் திருப்பிய தாளத்தட்டு ஒலி) இதே கதைதான். ஃபைல் எம்பி3 ஆக இருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் சுருக்கும்போது சேர்ந்த சிறு வெற்றிடம் இருக்கும், அதனால் எப்போதும் வேவ் ஃபைலாகவே எடுங்கள். பத்து விநாடி வேண்டும், அலை ஐந்து விநாடிதான் என்றால் இரண்டு அலைகளை அடுக்குங்கள். முதலாவது தூரத்து அலை, இரண்டாவது காலடி அலை. ஃபில்டர் போடாமலேயே தூரம் பக்கமாகும்.

பதிவுக்குக் காற்றுதான் எதிரி. மைக்குக்கு ரோம உறை மாட்டாமல் தனுஷ்கோடிப் பக்கம் போவது வீண். உறை மாட்டினாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே காற்றின் குமுறல் தவிர ஒன்றும் இருக்காது. 2017-ல் தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வண்டிச் சத்தம் கூடிவிட்டது. காலையில் சுற்றுலா வண்டிகள் வந்து சேர்வதற்கு முன் போய்விட வேண்டும். வடக்குப் பக்கம் பதிவு செய்ய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்லது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், இன்ஜின் முழக்கம் பாதி அடங்கியிருக்கும். முடிந்தால் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு ஸ்தாயி கீழே இறக்கினாலும் சத்தம் மூடிப்போகாது. அலை மட்டுமில்லை, காய்ந்த பனையோலையில் சோழகம் அடிக்கும் சலசலப்பும் நல்ல இரைச்சல்தான். அலையைவிடத் துகள் துகளாக, உயரமாக இருக்கும். தாலாட்டு மாதிரி மென்மையான பாட்டுக்கு அலை அதிகம், ஓலை போதும்.

சுருதி உள்ள சத்தம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சறுக்கிக்கொண்டே மேலே போகும் சிந்த் ரைசர் வழியில் எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும் காது மன்னித்துவிடும், நிற்கும் இடத்தை மன்னிக்காது. மோகனத்தில் போட்ட பாட்டில் ரைசர் அந்த ராகத்திலேயே இல்லாத நிஷாதத்தில் போய் நின்றால் அடுத்து வரும் பாடகரின் முதல் ஸ்வரமே தப்பாகக் கேட்கும். ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ முடியும்படி மாற்றுங்கள். என்னிடம் உள்ள சங்கு ஐந்து கட்டை சுருதிக்குச் (கீபோர்டில் ஜி) சற்று மேலே நிற்கும். கொஞ்சம் இறக்கிச் சரிசெய்தால் ஐந்து கட்டைப் பாட்டுக்கு ஸட்ஜம், ஒரு கட்டைப் பாட்டுக்குப் பஞ்சமம். கோயில் பாட்டுக்கு மட்டும் எடுக்கிறேன். இரண்டு மூன்று அரைஸ்வரத்துக்கு மேல் நகர்த்தினால் சங்கின் மூச்சு போய் ஹாரன் ஆகிவிடும்.

சுருதிக் கவலையே இல்லாத ஒரு வழி உண்டு. பாடகரின் குரலையே எடுப்பது. சரணத்தின் முதல் வரி ‘ஆழி’ என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘ஆ’வை மட்டும் வெட்டி, தனி டிராக்கில் போட்டு, திருப்பி, நிறைய ரிவெர்ப் (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலிப்பு) கொடுத்து, ரிவெர்ப்பின் வாலோடு சேர்த்துப் புது ஃபைலாக எடுக்க வேண்டும். அந்த ஃபைலை மறுபடி திருப்பினால் வால் முன்னால் வந்துவிடும். அதன் முடிவு உண்மையான ‘ஆ’வின் தொடக்கத்தில் சேரும்படி வைத்தால், பாடுவதற்கு முன்பே அவர் குரல் எங்கிருந்தோ கிளம்பி வருவது போல இருக்கும். அவர் சுருதி, அவர் ராகம், அவர் தொண்டை. இன்னொருவர் பாட்டில் இந்தச் சத்தம் வரவே முடியாது. செலவும் இல்லை. பாடகர்கள் இதை முதன்முதலில் ஹெட்ஃபோனில் கேட்கும்போது முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் செய்வேன்.

இவ்வளவையும் நல்ல ஸ்பீக்கரில் கேட்டுத் திருப்தி அடைந்துவிட்டால் வேலை முடியவில்லை. எங்கள் பாட்டுகள் எங்கே ஒலிக்கின்றன? திருவிழாவில் பனைமரத்திலும் கரண்டு கம்பத்திலும் கட்டிய குழாய் ரேடியோவில். படகில், டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில், உப்பேறிய சின்ன ஸ்பீக்கரில். பாம்பனில் இருந்து வரும் கடல் ஓசை 90.4 சமூக வானொலியில். அப்புறம் செல்போனில். குழாய் ரேடியோவில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய சப் டிராப் (ஆழத்தில் விழும் அடியோசை) அங்கே இல்லவே இல்லை, பாட்டு திடீரென்று ஓர் அடி நின்றுபோன மாதிரி கேட்கும். இம்பாக்டுக்கு அடியோசை மட்டும் வைக்காமல், மேலே ஒரு கட்டைத் தட்டலோ தவிலின் வலந்தலையோ (வலது பக்கத் தோலின் அடி) சேர்த்து வைத்தால்தான் அது அங்கே உயிரோடு இருக்கும். நேர்மாறாக, 2-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை காது மிகக் கூர்மை, குழாயும் அங்கேதான் கத்தும். வெண் இரைச்சல் ரைசர் அந்த இடத்தில் ஊசியாகக் குத்தும், ஊரே காதைப் பொத்தும். அங்கே மூன்று நான்கு டெசிபல் குறைத்துவிடுங்கள். பண்பலை வானொலியில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது, ஆகவே அதற்கு மேல் இருக்கும் மினுமினுப்பை நம்பித் திருப்பத்தைக் கட்டாதீர்கள். இவை எல்லாமே பெரும்பாலும் மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலி. இடம் வலம் அகலமாக விரித்த சில ரைசர்களில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருக்கும் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்), மோனோவில் சேர்ந்தால் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளும். மாஸ்டர் டிராக்கில் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எடுப்பது பேக்கில் இருந்துதான் என்றால் உரிமத்தைப் படியுங்கள். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் 2005-ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் உலகத்தின் அலைச் சத்தமெல்லாம் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமம் தனி. சிசி0 என்றால் எதற்கும் எடுக்கலாம். சிசி பை என்றால் பதிவு செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். என்சி (வணிகத்துக்கு இல்லை) என்று சேர்ந்திருந்தால் காசுக்குச் செய்யும் வேலையில் தொடக் கூடாது. திருவிழா கமிட்டி கொடுக்கும் தொகையும் காசுதான்.

திருப்பச் சத்தமே இல்லாமல் திரும்பும் பாட்டும் இந்தக் கடற்கரையில் உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் வரி கொடுக்கிறார், மற்றவர்கள் ஏலேலோவும் ஐலசாவும் சொல்லி இழுக்கிறார்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு நெருங்க நெருங்க இழுவை வேகமாகிறது, அதோடு பாட்டும் வேகமாகிறது. மாறும் இடத்தில் கேட்பது வரி கொடுப்பவர் இழுக்கும் மூச்சு மட்டும்தான். அப்படிப் பாடும் பெரியவர் ஒருவரின் குரலை வைத்து நானும் நண்பரும் ஒரு பாட்டு செய்துகொண்டிருக்கிறோம். நண்பர் மூன்றாம் கண்ணிக்கு முன் அலை வைக்கலாம் என்றார். வைத்துக் கேட்டோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அலை அவர் மூச்சை மூடிவிட்டது. எடுத்துவிட்டு, அந்த மூச்சை மட்டும் இரண்டு டெசிபல் தூக்கி வைத்திருக்கிறோம். வழக்கமாக மூச்சை வெட்டி எறிவார்கள். இந்தப் பாட்டில் திருப்பமே அதுதான்.

சேர்த்து வைத்திருக்கும் சத்தங்களுக்கு ‘ரைசர் 01, ரைசர் 02’ என்று பெயர் வைக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நான் இடம், காற்று, நீளம், சுருதி என்ற வரிசையில் எழுதுகிறேன்: ‘முகுந்தராயர் சத்திரம், சோழகம், 5 விநாடி, சுருதி இல்லை’. குலவை, தவில், சங்கு மாதிரியானவற்றுக்கு இன்னொரு சொல்லும் சேர்க்கிறேன். எந்தக் காரியத்துக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று.